பால்வாடி டீச்சரின் கரப்பான்

கத்தரிக்காயை நான் எத்தனை பேருக்குத் தடை செய்தேன் என்று தெரிந்தால், புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் காய்கறி பயிரிடுபவர்கள் என் மேல் வழக்கே போடுவார்கள். கருவாடு, முட்டை, தக்காளி எல்லாமே என் தடைப் பட்டியலில் உண்டு. தோலில் எது வந்தாலும் முதல் குற்றவாளி கத்தரிக்காய்தான். ஏன் என்று எந்த நோயாளியும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன், எனக்கும் தெரியாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தடை செய்தார், நானும் செய்தேன்.

கிராமத்துச் சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் சாதனைகளைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஓய்வு பெற்ற மருத்துவர்கள் எல்லோரிடமும் சாதனைகள் உண்டு. வயதாக ஆக அவை வளரவும் செய்யும். நான் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன். அது வளராமல் அப்படியே இருக்கிறது.

குருவிநத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கலைவாணி என்றொரு பெண் பால்வாடி டீச்சராக இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஏழுமலை குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். கலைவாணிக்கு முழங்கை மடிப்பில், கழுத்தில், விரல்களில் கரப்பான். நாம் எக்சிமா என்று எழுதுவது. சின்ன வயதில் வந்து போனதாம். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, அதன் பிறகு விடவே இல்லை. சிவந்து, வெடித்து, நீர் கசிந்து, காய்ந்து, கொஞ்ச நாள் அடங்கியிருக்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

வரும்போதெல்லாம் நான் இரண்டு நிமிடம் கொடுத்தேன். அதில் ஒரு நிமிடம் பேர், வயது எழுதுவதற்கு. மீதி ஒரு நிமிடத்தில், "அலர்ஜி" என்று சொல்லி ஒரு டியூப் எழுதுவேன். அலர்ஜி என்பது மிக வசதியான சொல். எதற்கு அலர்ஜி என்று சொல்ல வேண்டியதில்லை, நோயாளியும் திருப்தியாகப் போய்விடுவார். அடுத்த முறை வரும்போது அதைவிடக் காரமான டியூப். அதற்கடுத்த முறை இன்னும் காரமானது. இடையில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் நிற்கும்போது அதைக் கேட்க முடியுமா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஆறு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் கலைவாணி ஒரு துணிப்பையோடு வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, பையை என் மேசைமேல் கவிழ்த்தார். பிதுக்கிப் பிதுக்கித் தகடாய்ப் போன டியூப்கள் சரசரவென்று கொட்டின.

"இதுல பாதி நீங்க எழுதனது டாக்டர்மா. மீதி மருந்துக்கடக்காரரு குடுத்தது. எது ஒங்களுது எது அவருதுன்னு நீங்களே பிரிச்சிக்கிங்க" என்றார்.

பிரிக்க முடியவில்லை. அதுதான் அவமானம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர், படிப்பு வாசனையே இல்லாமல், மூன்று மருந்தை ஒன்றாய்க் கலந்த டியூபைப் படை, சொறி, சிரங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எம்.பி.பி.எஸ். படித்த நானும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தேன். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கத்தரிக்காயைத் தடை செய்யவில்லை.

அன்று கலைவாணியை உட்கார வைத்துவிட்டு, நகரத்தில் இருந்த ஒரு தோல் மருத்துவரை அழைத்தேன். எனக்கு மூத்தவர். அவருடைய கோபத்துக்குப் பயந்து பாதிப் பேர் அவரிடம் சந்தேகமே கேட்பதில்லை. அவர் பேர் வேண்டாம். சொன்னால் அதற்கும் கோபப்படுவார். என்ன டியூப் எழுதலாம் என்று கேட்டேன். அவர் டியூப் பேரைச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டாயா என்றார். இல்லை என்றேன். கேட்டுவிட்டுக் கூப்பிடு என்று வைத்துவிட்டார்.

கேட்டேன்.

கலைவாணி விடியற்காலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பார். கிருமிநாசினி சோப்பு போட்டு, நாரால் தேய்த்து. பால்வாடிக்குப் போனதும் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவுவார். பிள்ளைகளைத் தொடுவதற்கு முன்பும், தொட்டபிறகு மறுபடியும், கை கழுவுவார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் வெந்நீர், நார், சோப்பு. இவ்வளவும் எதற்கு என்றால், ஊரில் அவரை அழுக்கு என்று பேசிக்கொண்டார்களாம். சுத்தமாக இல்லாததால்தான் அவருக்குத் தோல் அப்படி இருக்கிறதாம். அதைப் பொய்யாக்கத் தன் தோலையே அவர் தினமும் இரண்டு வேளை உரித்துக்கொண்டிருந்தார். அந்த உரிந்த தோலுக்கு நான் டியூப் எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டு, கிணற்றைக் குறை சொன்ன கதை.

பிறகு நடந்ததில் மந்திரம் எதுவும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமான குளியல். நாருக்கு விடுதலை. உடம்பில் ஈரம் காய்வதற்குள், தோல் வழவழக்கும் அளவுக்கு வாசலின். ரப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை. டியூப் உண்டு, ஆனால் எந்த இடத்துக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று எழுதி, அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பினேன். அடங்கிய பிறகும், அடிக்கடி வெடிக்கிற இடங்களில் வாரம் இரண்டு நாள் டியூபைத் தடவச் சொன்னார், நான் மறுபடி அழைத்தபோது, அந்தக் கோபக்காரத் தோல் மருத்துவர்.

எல்லாம் கேட்டுவிட்டு கலைவாணி ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் செஞ்சா வேரோட போயிடுமா?"

நாற்பது பேர் வெளியே நின்றார்கள். 'போயிடும்' என்று சொன்னால் இரண்டு விநாடியில் முடியும். போகாது என்றேன். இது அவருடைய தோலின் சுபாவம், அடங்கும், வரும், வரும்போது சீக்கிரம் பிடித்தால் மறுபடி அடங்கும், அடக்கி வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்த முட்டாள் நான்.

"இத சொல்றதுக்கா ஒங்களுக்கு ஆறு வருசம் ஆச்சி?" என்றார்.

மறுபடி வர வேண்டிய நாளை எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

சில மாதங்களில் விரல் வெடிப்புகள் மூடின. கழுத்தில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. ஆனால் ஊர் வாய்க்கு வாசலின் தடவ முடியாதே. பால்வாடியில் பிள்ளைகளை விடும் தாய்மார்கள் சிலர் சேர்ந்து, டீச்சருக்குத் தொற்று வியாதி, எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், அவரை மாற்றுங்கள் என்று மேலிடத்துக்கு மனு கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் நன்றாகப் பேசக்கூடிய ஒரு பெண். நாலு வயது மகள் அந்தப் பால்வாடியில்தான் இருந்தாள். ஆறு வருடம் நோய் முற்றிக் கசிந்தபோது வராத மனு, நோய் அடங்கிய பிறகு வந்தது. நம் ஊரில் மனுக்கள் அவ்வளவு வேகம்.

மேலிடத்துக்கு முடிவெடுப்பது பிடிக்காது. மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும் என்று என் பக்கம் தள்ளிவிட்டது. இது ஒட்டுகிற நோய் அல்ல, இவர் பிள்ளைகளோடு பழகுவதில் எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தி, கொஞ்சம் கம்பீரமாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதை மேலிடம் பால்வாடிச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டது. என் கையெழுத்து ஊர் பார்க்கத் தொங்கியது.

பதினைந்து நாள் ஆகியிருக்காது. ஒரு காலை ஏழுமலை பைக்கில் வந்தார். கூட்ட நாள். வரிசையில் நிற்காமல் மருந்து கொடுக்கும் சன்னலில், காய்ச்சல் மாத்திரை மட்டும் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். கலைவாணிக்கு அம்மை போட்டிருக்கிறது, மூன்று நாளாய்க் காய்ச்சல், வேப்பிலையில் படுக்க வைத்திருக்கிறோம், மருந்து கொடுக்கக் கூடாது என்று அக்கா சொல்கிறார், காய்ச்சல் மட்டும் தணிந்தால் போதும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா என்றால் அவருடைய அக்கா, கலைவாணிக்கு நாத்தனார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

உண்மையைச் சொல்கிறேன். மாத்திரையைக் கொடுத்து அனுப்பத்தான் நினைத்தேன். சின்னம்மைதான், தானே இறங்கும். அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. ஒட்டாது என்று எழுதிக் கொடுத்த டீச்சருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் என்றால், சுவரில் தொங்கும் என் கையெழுத்து என்ன ஆகும்? அம்மை என்றே இருந்துவிட்டால் நல்லது. அது தெய்வக் குத்தம். என் குத்தம் ஆகாது. நோயாளியின் காய்ச்சலைவிடத் தன் கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படும் மருத்துவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஏழுமலை தானாகவே சொன்னார்.

"அதிசயமா கீது மேடம். கரப்பான் இருந்த எடமா பாத்துதான் மொதல்ல போட்டுச்சி. கழுத்து, கை மடிப்பு, இப்ப மூஞ்சி. கல்யாணத்துக்கு முந்தியே ஒரு தபா அம்ம வந்துச்சாம். மறுபடியும் வருமா?"

சின்னம்மை இடம் பார்த்துப் போடாது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதும் அபூர்வம். இதை ஏழுமலை கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டும்.

கோபக்காரருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்க விடவில்லை. "அரிக்குதா, வலிக்குதா?" என்றார். ஏழுமலையைக் கேட்டேன். அரிப்பே இல்லையாம், வலிதான், துணி பட்டால்கூடத் துடிக்கிறாள் என்றார். கொப்புளங்கள் எல்லாம் ஒரே அளவா, உடைந்த இடம் குத்தூசியால் குடைந்த மாதிரி வட்டமாக இருக்கிறதா, கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொன்னார் அவர். அப்படி இருந்தால் கரப்பான் தோலில் உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இறங்கியிருக்கிறது, அதற்கான மாத்திரையை உடனே தொடங்கு, ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைக்காதே, கண் போகும், ஆளும் போகலாம் என்றார். அவர் குரலில் அன்று கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எங்கள் நிலையத்து வண்டி, ஏதோ ஒரு விழிப்புணர்வு நாளுக்குப் பேனர் கட்டிக்கொண்டு ஊர்வலம் போயிருந்தது. வைரஸ் மாத்திரையை எடுத்துக்கொண்டு, ஏழுமலையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வெளியே நின்ற கூட்டம் என்னைத் திட்டியது நியாயம்தான்.

வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. நாத்தனார் நிலைப்படியில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். ஆனாலும் உள்ளே விடவில்லை. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் ஊசியும் மாத்திரையும் காட்டினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும், தண்ணீர் ஊற்றும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். அவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள். மனு கொடுத்தவர்களில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒட்டாது என்று எழுதிக் கொடுத்தீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

நான் அங்கே ஒரு பாடம் நடத்தியிருக்கலாம். வைரஸ், எக்சிமா, மூடநம்பிக்கை என்று மூன்று தலைப்பிலும் எனக்கு நன்றாகப் பேச வரும். பேசி ஜெயிப்பதற்குள் உள்ளே ஒரு கண் போய்விடும். அதனால் அந்த அம்மாளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். ஆத்தா வந்திருந்தால் இருக்கட்டும், நான் அவளைக் கீழே இறக்க வரவில்லை, ஆத்தா கண்ணில் இறங்கியிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்றேன். அவர் யோசித்தார். கண் என்றதும் யாருக்கும் கொஞ்சம் பயம்தான். வழி விட்டார்.

கலைவாணி பாயில் வேப்பிலைமேல் கிடந்தார். முகம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கழுத்திலிருந்து கன்னம்வரை ஒரே அளவுக் கொப்புளங்கள். உடைந்தவை எல்லாம் குத்தூசிக் குழிகள். இடது கண் மூடிக்கிடந்தது. இமையோரத்தில் ஐந்தாறு கொப்புளம். இரண்டு நாள் முன்பு பார்த்திருந்தால், கரப்பான் சீழ் பிடித்துவிட்டது என்று சொல்லி இன்னும் காரமான டியூப் எழுதியிருப்பேனோ என்று நினைத்தேன்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். நாத்தனார் முடியாது என்றார். ஏழுமலை அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கரும்பு வயல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

கலைவாணிதான் பேசினார். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்தாச்சி, எனக்குக் கண்ணு தெரியல. ஆத்தாளுக்கு நான் அப்பறமா கூழு ஊத்திக்கறேன். இப்ப நான் போறேன்."

சொல்லிவிட்டுக் கையை ஊன்றி எழ முயன்றார். நாத்தனார் ஒரு விநாடி அசையாமல் நின்றார். பிறகு அவரேதான் குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கினார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அம்மாள் தன் முந்தானையால் கலைவாணிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் வழியெல்லாம் மனதில் தயாரித்துக்கொண்டு வந்த வசவுகள் பயன்படவில்லை.

அரியூர்ப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். கண் தப்பியது. கருவிழியின் ஓரத்தில் பொட்டளவு மங்கல் தங்கிவிட்டது. வெயிலில் அந்தக் கண் கூசும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று கண் மருத்துவர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோபக்காரர் அங்கே வந்து பார்த்தார். பக்கத்தில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் இருந்ததா என்று கலைவாணியைக் கேட்டார். இருந்தது. பால்வாடியில் ஒரு குழந்தைக்கு உதட்டோரம் கொத்தாய்ப் புண் வந்து, காய்ச்சலில் அழுதுகொண்டே இருந்ததாம். வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியும், அம்மா வேலைக்குப் போகவேண்டும் என்று கொண்டுவந்து விட்டுவிட்டாராம். மூன்று நாள் அதைக் கலைவாணி மடியிலேயே வைத்து ஊட்டியிருக்கிறார். குழந்தை அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கியிருக்கிறது. கரப்பான் தோல் கதவில்லாத வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் நுழையலாம். யாருடைய குழந்தை என்று நான் கேட்டேன். மனுவில் முன்னால் நின்ற அந்தப் பெண்ணுடைய மகள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இவரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும் என்று மனுவே போட்டார்கள். கடைசியில் ஒட்டியது இவருக்கு, அதுவும் மனுக்காரர் வீட்டிலிருந்து. சுவரில் தொங்கிய என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இதையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. கலைவாணியிடம் அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்.

"வேணாம் டாக்டர்மா. அப்பறம் அந்தக் கொழந்தய எவளும் பக்கத்துல சேக்க மாட்டா. எனக்குத் தெரியாதா அது இன்னான்னு?" என்றார். பிறகு, "அவ அம்மா கிட்ட மட்டும் சொல்லுங்க. அவ ஒருத்தியாவது தெரிஞ்சிக்கட்டும்" என்றார்.

சொன்னேன். அந்தப் பெண் நன்றாகப் பேசக்கூடியவர் என்றேனே, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மனு என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் விசாரிக்கவும் இல்லை. நாத்தனார் மட்டும் தன் கட்சியை விடவில்லை. ஆத்தா தானாக இறங்கினாள், டாக்டரம்மா வழித்துணைக்கு வந்தாள் என்றுதான் இன்றுவரை ஊரில் சொல்கிறார். ஆடியில் கூழ் ஊற்றியபோது என்னையும் கூப்பிட்டார். போய் இரண்டு சொம்பு குடித்தேன். தொட்டுக்கொள்ளக் கருவாட்டோடு கத்தரிக்காய்க் குழம்பு. கலைவாணியும் சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அறைக்கு வெளியேயும் நாற்பது பேர் நிற்பார்கள். எல்லோருக்கும் உங்களால் நேரம் கொடுக்க முடியாது. முடியும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஒரே ஆள் ஒரே புண்ணோடு மூன்றாவது முறை வந்தால், டியூபை மாற்றுவதற்கு முன் பேனாவைக் கீழே வையுங்கள். தப்பு நோயாளியிடம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பழைய கரப்பான் இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சலும் வலியும் வந்தால், உங்கள் கையெழுத்து எந்தச் சுவரில் தொங்கினாலும் சரி, எழுந்து போய்ப் பாருங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மார்கழியில், பனி இறங்கித் தோல் எல்லாம் வறளும் நாட்களில், கலைவாணி வந்தார். வரிசையில் நின்று வந்தார். விரலிடுக்கில் லேசாகச் சிவந்திருந்தது. முன்பென்றால் இரண்டு மாதம் கழித்துக் கசியும்போதுதான் காட்டுவார். நான் அவசரமாகக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ச்சல் உண்டா, வலிக்கிறதா, கண் கூசுகிறதா என்று அடுக்கினேன்.

"வந்துடுச்சி டாக்டர்மா, முந்தாநாத்து. அரிப்புதான், வலி இல்ல. மருந்து நேத்தே ஆரம்பிச்சிட்டேன்" என்றார். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க பயப்படாதீங்க."